ஆட்சேபணை எண் 1309

பார்சலைப் பிரித்தேன். கடிதம் இல்லை.
செய்தித்தாளில் சுற்றிய ஓர் உருளைக்கிழங்கு,
மண்ணோடு.
அனுப்பியவர் ஓலே டீட்ரிக்சன்,
எல்பே ஆற்றுக்கு அந்தப்புறம் ஏதோ ஊர்.

விதி தெளிவாக இருக்கிறது.
மரபணு மாற்றப் பயிரை எதிர்ப்பவர்
எழுத்தில் எதிர்க்க வேண்டும்,
கையொப்பமிட வேண்டும்,
முப்பது நாளுக்குள் வந்து சேர வேண்டும்.
இது இருபத்தொன்பதாம் நாள் வந்தது.
கையொப்பத்துக்கு,
தோலில் காய்ந்திருந்த சேற்றில்
ஒரு கட்டைவிரல் தடம்.
முத்திரையை எங்கே குத்துவதென்று
வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு சிறு அட்டையில் எண் எழுதி
நூலால் கட்டினேன்.
பிணவறையில் இப்படித்தான் கட்டுவார்கள் என்றேன்.
பிரசவ வார்டிலும்தான், என்றாள்
எதிர்மேசை உல்ரிகே,
தலை நிமிராமல்.

மற்றதெல்லாம் காகிதம்.
ஒரே வாசகத்தில் அறுநூறு பேர்.
என் தேனை இனி யார் வாங்குவார் என்று
தேனீ வளர்க்கும் ஒருவர்.
பச்சை மையில், பிள்ளைக் கையெழுத்தில்,
"வேண்டாம்" மட்டும்.
அடிக்குறிப்புகளோடு நாற்பது பக்கம் ஒன்று;
அதில் எனக்கு விளங்கிய ஒரே வரி:
காற்றுக்கு எத்தனை மீட்டர் தள்ளி வேலி போடுவீர்கள்?
விண்ணப்பத்தில் விடை இருந்தது.
இருபது.

விசாரணை, தீயணைப்பு நிலையக் கூடத்தில்.
டாக்டர் இசோல்டே குவாஸ்ட் எழுந்து நின்றார்.
பதினோரு வருடம், என்றார்.
காட்டு உருளையிலிருந்து எடுத்த ஒற்றை மரபணு.
கருகல் நோய் அண்டாது.
"ஒரு பருவத்தில் பதினாறு முறை மருந்தடிக்கிறீர்களே,
அதற்கு எத்தனை ஆட்சேபணை எழுதினீர்கள்?"
நாற்காலிகள் மட்டும் கிரீச்சிட்டன.
கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்:
"அம்மா, விதை யார் பெயரில் இருக்கிறது?"
அவர் தண்ணீர் குடித்தார்.
குறிப்பெடுப்பது என் வேலை. எழுதினேன்,
விண்ணப்பதாரர் தண்ணீர் அருந்தினார் என்று.
மேலதிகாரி அந்த வரியை அடித்துவிட்டார்.

அனுமதி கிடைத்தது.
நட்ட மூன்றாம் வாரம், ஓர் இரவில்,
யாரோ வயல் முழுவதையும் பிடுங்கிப் போட்டார்கள்.
புகாரோடு வந்தார் டாக்டர்.
அழவில்லை. படிவத்தை நிரப்பும்போது
அவர் நகக்கண்ணில் மண் இருந்தது.
அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே
பேனாவை நீட்டினேன்.
எத்தனை செடி என்ற இடத்தில் "எல்லாம்" என்று எழுதினார்.
எண்ணில் எழுத வேண்டும் என்று சொன்னது
நான்தான்.

அன்று மாலைதான் இழுப்பறை நாறுவது தெரிந்தது.
1309.
ஒரு பக்கம் கருகல்,
தொட்டால் விரல் உள்ளே போகிறது.
மறுபக்கம் இரண்டு கண் திறந்து,
வெளுத்த முளைகள்,
சாவித் துவாரத்து வெளிச்சத்தை நோக்கி
வளைந்து வளைந்து வந்திருந்தன.
அழுகல் டாக்டருக்குச் சாட்சி என்று சொல்லலாம்.
முளை அந்த ஓலேவுக்கு.
இரண்டும் ஒரே கிழங்கு,
என் பொறுப்பில்.

தூக்கி எறி, என்றாள் உல்ரிகே, மூக்கைப் பொத்தி.
எறிய முடியாது. ஆட்சேபணை ஆவணங்களைப்
பத்தாண்டு பாதுகாக்க வேண்டும்,
விதி பதினெட்டு.

உருளைக்கிழங்கைப் பத்தாண்டு பாதுகாக்க
எனக்குத் தெரிந்து ஒரு வழிதான் இருக்கிறது.

சமையலறைக் கத்தியால் கெட்டதை அறுத்தெடுத்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
கோப்பு வெளியே எடுக்கப்பட்ட காரணம், பராமரிப்பு.
திரும்பும் தேதி, அக்டோபர்.
எண்ணிக்கை என்ற கட்டத்தை மட்டும்
காலியாக விட்டிருக்கிறேன்.